மாசியில் மட்டும் வா

1

"மாசியில வா சின்னவனே. மாசியில வந்தா ஒருத்தரும் ஒன்னும் கேக்க மாட்டாங்க."

அம்மா இதைச் சொன்னபோது நான் ஸ்காபரோவில், ஓட்டல் படுக்கை விரிப்புகளைத் துவைத்து மடிக்கிற தொழிற்சாலையின் சாப்பாட்டு அறையில் முதல்நாள் பருப்பைச் சூடாக்கிக்கொண்டிருந்தேன். கனடாவுக்கு வந்த பிறகு அம்மா என்னை ஊருக்குக் கூப்பிட்டது இதுதான் முதல் தடவை. காசு கேட்டிருக்கிறாள், கூரைத் தகரம் கேட்டிருக்கிறாள், முழங்காலுக்குத் தைலம் கேட்டிருக்கிறாள். வா என்று கேட்டதில்லை.

என் பெயர் சாந்தி. கனடாக் கடவுச்சீட்டில் அப்படித்தான் இருக்கிறது, பக்கத்தில் பெண் என்றும் இருக்கிறது. ஆனால் இலங்கையில், பதுளையில் ஸ்பிரிங்வெளி பஸ்ஸில் ஏறி, பாதி வழியில் இறங்கி, தேயிலைக்குள் மேலே நடந்தால் வருகிற தொழிலாளர் வரிசை வீடுகளில், எங்கள் லயத்தில், நான் இன்னமும் கொழுந்துக்காரி மாரியாயியின் இரண்டாவது மகன். மூத்தவன் லோகு, நான் சின்னவன். சேலை கட்டிய என் போட்டோவை யாரோ கொண்டுபோய் லயத்தில் காட்டிய நாளில் அம்மா அழுதுகொண்டே சொன்னாள்: "எங்க இருந்தாலும் நல்லாரு. இங்க மட்டும் வந்துராத." அதற்குப் பிறகு ஊர் என்றால் எனக்குத் தொலைபேசிதான்.

இப்போது வரச் சொல்கிறாள். ஏன் மாசி? மாசியில் தோட்டத்தில் காமன் கூத்து. ரதி வேஷத்தை எங்கள் பக்கம் ஆம்பிளைதான் கட்டுவான். அந்த வேஷத்தை நான் பல வருஷம் கட்டியிருக்கிறேன்.

"இப்ப கட்டுற லெட்சுமணனுக்கு முழங்காலு போயிருச்சு. ஆளில்லாமத் தவிக்கிறாங்க" என்றாள் அம்மா. "நீ வந்து கட்டு. சீலையோட வரலாம், சீலையோட இருக்கலாம், சீலையோட நம்ம காம்பராவுல படுக்கலாம். கேட்டா ரதிக்கு வந்திருக்கான்னு சொல்லிக்கலாம். முடிஞ்சதும் போயிரு."

அவள் குரலில் ஒரு சந்தோஷம் இருந்தது. பூட்டின கதவுக்குச் சாவி கண்டுபிடித்துவிட்டவள் மாதிரி பேசினாள். எத்தனை நாள் படுத்துக்கிடந்து யோசித்தாளோ பாவி மகள்.

எனக்கு உச்சி முதல் உள்ளங்கால் வரைக்கும் எரிந்தது. நான் பெண்ணாக வாழ்வதற்கு இத்தனை வருஷம் பட்ட பாடெல்லாம், ஆம்பிளை கட்டுகிற பொம்பிளை வேஷம் என்கிற பேரில் ஊருக்குள் நுழையவா? "பொறகு பேசுறேன்" என்று வைத்துவிட்டேன். கழிப்பறைக்குள் போய் அழுதேன். பருப்பு ஆறிப்போனது.

2

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். மாசியில் அமாவாசை கழிந்து மூன்றாம் பிறையில் காமன் கம்பம் நடுவார்கள். அன்று ரதிக்கும் மன்மதனுக்கும் கையில் மஞ்சள் காப்புக் கட்டுவார்கள். அதிலிருந்து பௌர்ணமி வரைக்கும் தப்பு முன்னால் முழங்க, ரதியும் மன்மதனும் லயம் லயமாக ஆடிக்கொண்டு போவார்கள். பௌர்ணமியன்று சிவன் வந்து மன்மதனை எரிப்பார். ரதி மண்ணில் புரண்டு அழுவாள். அந்த அழுகைக்குத் தோட்டமே அழும். கூத்து முடிந்ததும் காப்பை முறைப்படி அவிழ்க்க வேண்டும்.

ரதிக்குச் சேலை கட்டிவிடுகிற வேலை அம்மாவுடையது. ஆம்பிளைகளுக்குக் கொசுவம் பிடிக்கத் தெரியாது, அதனால் லெட்சுமணனுக்கு, அவனுக்கு முன்னால் எனக்கு, எனக்கு முன்னால் இன்னும் யாருக்கோ என்று அவள்தான் காலம் காலமாகக் கட்டிவிட்டாள். எனக்குக் கட்டிவிடும்போது முகத்தைத் தன் பக்கம் திருப்பிப் பிடித்துக்கொள்வாள். சவரம் செய்த தாடையில் பச்சையாகத் தெரிகிற நிழலை மறைக்கக் குங்குமத்தைத் தேங்காய் எண்ணெயில் குழைத்துத் தேய்த்து, அதன்மேல் முத்துவெள்ளை, அதன்மேல் பவுடர். மார்புக்கு இரண்டு சிரட்டை. தலைக்குக் கூத்துக் கோமிட்டியின் சவுரி. லயத்துப் பெண்கள் ஆளுக்கொரு வளையல், ஆளுக்கொரு சங்கிலி கொண்டுவந்து மாட்டிவிடுவார்கள். காசு செலவில்லாமல் ஒரு பொம்பிளையை உண்டாக்குகிற வித்தையை நான் அங்கேதான் பார்த்தேன்.

அந்த நாட்களில் நான் ரதிசாமி. வாசலில் தண்ணீர் தெளித்து என் காலைக் கழுவினார்கள். கைக்குழந்தையைக் கொண்டுவந்து என் மடியில் போட்டு எடுத்தார்கள். அப்பா தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டுகிற ஆள், வாய் திறந்து பாராட்டத் தெரியாதவர். அவரே கள்ளுத் தவறணையில் நின்று "எம் மகன்டா ரதி" என்று சொன்னாராம்.

பங்குனி பிறந்தால் கதை வேறு. அதே அப்பா, அம்மா கொடியில் காயப்போட்ட சேலையை நான் தோளில் போட்டுப் பார்த்ததற்காகக் கவ்வாத்துக் கத்திப் பிடியால் அடித்தார். என்னை ரதிசாமி என்ற அதே வாய்கள், "என்னாடா பொட்ட நட நடக்குற" என்றன. மாசியில் சாமி, பங்குனியில் சனியன். என் பிள்ளைப்பருவத்தை ஒரு வரியில் சொல்லச் சொன்னால் இதைத்தான் சொல்வேன்.

கடைசியாக நான் ரதி கட்டின வருஷம் கூத்துப் பொட்டலில் குடிகாரர்கள் சண்டை. கல்லெறி. அம்மா என்னை இழுத்துக்கொண்டு லயத்துக்கு ஓடிவந்துவிட்டாள். காப்பை யாரும் அவிழ்க்கவில்லை, அது கிணற்றடியில் தானாக அறுந்து விழுந்தது. நான் இப்படி ஆனதற்குக் காரணம் அதுதான் என்பது அம்மாவின் முடிவு. ரதி இறங்காமல் எனக்குள்ளேயே தங்கிவிட்டாளாம். "நாந்தான்டா ஒன்னய அவசரப்பட்டு இழுத்துக்கிட்டு வந்தேன்" என்று இன்றைக்கும் தலையில் அடித்துக்கொள்கிறாள். சேலை தோளில் போட்டு அடிவாங்கியது அதற்கு எத்தனையோ வருஷம் முந்தி என்று சொல்லிப் பார்த்தேன். கேட்டால்தானே!

3

அப்பா அடித்துத் துரத்த, லயத்தை விட்டுப் பதுளை பஜாரில் ஒரு முஸ்லிம் நானாவின் புடவைக் கடைக்கு வேலைக்குப் போனேன். சேலை எடுக்க வருகிற பெண்களுக்கு, விற்கிற பையன் தன் மேலேயே மடித்துப் போட்டு முந்தானை எடுத்துக் காட்டுவான். எல்லாக் கடையிலும் உள்ள வழக்கம்தான். நான் காட்டினால் உடனே விலைபோனது. "ஒனக்கு நல்லாக் கைவருது மகன்" என்று நானா சந்தோஷப்பட்டார். ஆக ஊரில் எனக்குச் சேலை கட்ட உரிமை இருந்த இடம் இரண்டு. ஒன்று சாமிக்கு, மற்றது யாவாரத்துக்கு.

கனடா வந்த வழியை இங்கே எழுதவில்லை. ஏஜென்சிக்காரனும் நானும் பிழைத்துக் கிடக்கிறோம், அது போதும். வந்து சேர்ந்து, சட்டப்படி தங்கலாம் என்று ஆன பிறகுதான் டாக்டரிடம் போய் வாய் திறந்து சொன்னேன். மாத்திரை எழுதித் தந்தார். ஆபரேஷனுக்கு அரசாங்கம் காசு தரும், வரிசையில் நில் என்றார்கள். ஊருக்குப் போன் செய்தால் "அங்க எல்லாம் இலவசம்தானே" என்பார்கள். மண்ணாங்கட்டி. உள்ளே வெட்டித் தைக்க அரசாங்கம் தருகிறது. தெருவில் நாலு பேர் பார்க்கிற முகத்துக்கு யார் தருவது? தாடி முடியை எரிக்கிற லேசருக்கு நான்தான் தர வேண்டும். குரலுக்கு நான்தான். தலைமுடிக்கு நான்தான். யானையைச் சும்மா கொடுத்துவிட்டு அங்குசத்துக்கு விலை போடுகிற நாடு இது.

லேசருக்கு ஒரு தடவை படுத்து எழுந்தால் அரை வாரச் சம்பளம். அது ஒரு தடவையில் தீர்கிற காரியமில்லை. நம் தோல் கறுப்பு, கூட்டி வைத்தால் பொசுங்கும், குறைத்து வைத்தால் முளைக்கும். கடைசியில் வேலை பழகுகிற பிள்ளைகள் குறைந்த விலைக்குச் செய்கிற ஓர் இடத்தைப் பிடித்தேன். அவர்கள் என் தாடையில் தொழில் படித்தார்கள். இரண்டு இடத்தில் சுட்ட வடு இருக்கிறது. பரவாயில்லை, தேயிலைச் செடிக்குள் விழுந்தால் இதைவிடக் கீறும்.

அதுவரைக்கும் நிழலை மறைக்க வேண்டுமே. கம்ப்யூட்டரில் ஒருத்தி ஆரஞ்சு நிறத்தில் ஒரு பசை தடவிக் காட்டினாள். கடையில் போய் வாங்கினேன், இரண்டு நாள் சாப்பாட்டுக் காசு. வீட்டுக்கு வந்து கண்ணாடி முன்னால் தடவிக்கொண்டு நிற்கும்போதுதான் உறைத்தது. அடியே, இது அம்மா குழைத்துத் தேய்த்த குங்குமம்தானே! அன்றைக்கே தமிழ்க்கடையில் குங்குமமும் ஒரு சின்னப் போத்தல் தேங்காய் எண்ணெயும் வாங்கி வந்துவிட்டேன். மேலே பூசுகிற பூச்சில் என் நிறத்துக்கு ஒன்றும் கிடையாது. ஒன்று சுண்ணாம்பு, இல்லாவிட்டால் கரி. மலிந்த விலையில் இரண்டு வாங்கி உள்ளங்கையில் கலந்துகொண்டேன்.

மாத்திரை வேலை செய்கிற வரைக்கும் மார்புக்கு, பெண்கள் போடுகிற நைலோன் காலுறையை வெட்டி, அரிசி போட்டு முடிந்து வைத்துக்கொண்டேன். பாரம் சரியாக இருக்கும், நடந்தால் அசையும். ஆனால் சலவைத் தொழிற்சாலையில் நீராவியும் சூடும். ஒரு கோடைக்காலம் முழுக்க என் நெஞ்சில் புழுங்கலரிசி வாசம். பழைய துணிக்கடையில் ரவிக்கைக்குத் தோதான சட்டை எடுத்து, தோள் அகலத்தைக் கையால் பிடித்துத் தைத்தேன். செருப்புத்தான் தலைவலி. வெறுங்காலோடு மலை ஏறின கால், விரல்கள் விரிந்து கிடக்கின்றன. இந்த நாட்டுப் பெண்களின் செருப்பு எதற்குள்ளும் அது அடங்கவில்லை.

எல்லாவற்றிலும் பெரிய செலவு முடி. முதலில் வாங்கியது பிளாஸ்டிக் முடி. இயந்திரச் சூட்டில் சுருண்டு, பாத்திரம் தேய்க்கிற நார் மாதிரி ஆனது. வேலையில் எல்லோரும் சிரித்தார்கள், நானும் சேர்ந்து சிரித்தேன், வீட்டுக்கு வந்து அதைக் குப்பையில் போட்டேன். பிறகு தவணைக்கு நிஜ முடியில் ஒன்று எடுத்தேன். இடுப்பு வரைக்கும் நீளம். தமிழ்நாட்டுக் கோவிலில் காணிக்கை கொடுத்த முடி என்றான் விற்றவன். யாரோ ஒருத்தி பிள்ளைக்குக் காய்ச்சல் தீர வேண்டும் என்று சாமிக்குக் கொடுத்ததை நான் தவணை கட்டி வாங்கி, மூன்று வருஷம் தலையில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினேன். அதைச் சீயக்காய் போட்டுக் கழுவி, நிழலில் காயவைத்து, சாம்பார்ச் சட்டியைக் கவிழ்த்து அதன்மேல் மாட்டிவைப்பேன். பெற்ற பிள்ளையைக்கூட இப்படிப் பார்த்திருக்க மாட்டேன்.

இப்போது என் சொந்த முடி தோளுக்குக் கீழே வந்துவிட்டது. சட்டியின்மேல் இருக்கிற முடிக்கு வேலையில்லை. ஆனாலும் மாதம் ஒரு தடவை கழுவிக் காயவைக்கிறேன்.

4

நான் குடியிருப்பது தவமக்கா வீட்டு நிலவறையில். தவமக்கா யாழ்ப்பாணத்து ஆள். முதல் நாள் நான் வாய் திறந்ததும், "நீங்கள் இந்தியாவோ?" என்று கேட்டார். "இல்லக்கா, பதுளைப் பக்கம்" என்றேன். "ஓ, தோட்டக்காட்டோ" என்றவர், அது எங்களை இளப்பமாகச் சொல்லும் சொல் என்று உறைத்து நாக்கைக் கடித்துக்கொண்டு, "மலைநாடு, மலைநாடு" என்று திருத்தினார். நான் யார் என்ற விஷயத்தில் அவருக்கு இருந்த சங்கடம் அதோடு தீர்ந்துவிட்டது. நான் ஆணாயிருந்து பெண்ணானதைப் பற்றி இன்றுவரை ஒரு கேள்வி கேட்டதில்லை. வாடகை ஒழுங்காக வருகிறது, அவருக்கு அது போதும். கடைகளில் இப்போது யாராவது இந்தியாவோ என்று கேட்டால் ஆமாம் என்றுவிடுகிறேன். எதற்கு வம்பு?

குரலுக்கு வகுப்பு எடுக்க வசதியில்லை. குளிக்கும்போது தண்ணீரைத் திறந்துவிட்டு, ரதியின் அழுகைப் பாட்டை மெல்லிய குரலில் பாடிப் பாடிப் பழகினேன். சாதாரணமாகப் பேசினால் யாருக்கும் சந்தேகம் வராது. கோபம் வந்தால்தான் தொலைந்தது. அப்பா குரல் வந்துவிடும், தோட்டத்து வசவும் கூடவே வரும். ஒருதடவை தவமக்கா குழாய் ஒழுகுவதைத் திருத்தாமல் இழுத்தடித்தபோது நான் போட்ட சத்தத்தில், எங்கள் டிவிசன் கங்காணி எழுந்துவந்து, காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கிற பெரட்டுக் களத்தில் நின்ற மாதிரி இருந்தது. மறுநாளே குழாய் திருத்தினார்.

அவருடைய மகள் சின்னப் பிள்ளையாக இருந்தபோது கீழே ஓடிவருவாள். "அன்ரி, பின்னி விடுங்கோ" என்று என் மடிக்கு முன்னால் உட்காருவாள். சட்டியின்மேல் இருக்கிற என் முடியையும் அவளுக்குத் தெரியும், அதற்கும் பின்னல் போட்டு விளையாடுவாள். பெரிய பள்ளிக்கூடம் போனாள். கூட்டாளிகளோடு வாசலில் நிற்கும்போது நான் வேலை முடிந்து வந்தேன். "ஹலோ பிள்ளை" என்றேன். அவள் போனைப் பார்த்துக்கொண்டாள். கூட நின்றவள் ஏதோ ஆங்கிலத்தில் கேட்க, "டெனன்ட்" என்று மட்டும் பதில் சொன்னாள். அன்ரியாக இருந்த நான் வாடகைக்காரியாகிவிட்டேன். அவளைக் குறை சொல்லவில்லை, ஆனால் வலித்தது. பொய் சொல்வானேன்?

கந்தோர்க் கதையும் இருக்கிறது. பெயர் மாற்ற அரசாங்க அலுவலகத்துக்குப் போனேன். ஆண் பெண்ணானதை ஒரே கையெழுத்தில் ஒத்துக்கொண்டார்கள், அந்தப் பெண் சிரித்து வாழ்த்துக்கூடச் சொன்னாள். அப்பாவின் பெயரில் ஒரு பத்திரத்தில் ஓர் எழுத்து கூடுதலாக இருந்ததைத்தான் ஒத்துக்கொள்ளவில்லை. தோட்டத்தில் யார் யாரோ எழுதினது, எனக்கு எப்படித் தெரியும்? லோகு ஒரு நாள் பேரை, அன்றைய சம்பளத்தை, விட்டுவிட்டுப் பதுளைக்குப் போய், வரிசையில் நின்று, பிறகு வா என்று திருப்பி அனுப்பப்பட்டு, மறுபடியும் போய்... என்னை அடித்துத் துரத்தின மனிதரின் பெயரைச் சரியாக எழுதிய பிறகுதான் நான் சாந்தி ஆனேன்.

5

அம்மாவின் அழைப்பை ஒரு வாரம் மென்றுகொண்டு திரிந்தேன். விரிப்பு மடிக்கும்போது அதே நினைப்பு. போகக் கூடாது, மானக்கேடு என்று நினைப்பேன். அடுத்த விரிப்பை மடிக்கும்போது, அம்மாவுக்கு வயதாகிவிட்டதே என்று நினைப்பேன்.

கடைசியில் ஒன்றைத்தான் யோசித்தேன். ரதிக்குச் சேலை கட்டிவிடுவது அம்மாதான். நான் போனால் எனக்கும் அவள்தான் கட்டிவிட வேண்டும். சிரட்டை இல்லாமல், சவுரி இல்லாமல், இப்போது இருக்கிற இந்த உடம்புக்கு அவள் கையால் கொசுவம் வைப்பாள். என் சொந்த முடியில் பூ வைப்பாள். முகத்தைத் தன் பக்கம் திருப்பிப் பிடிப்பாள், குங்குமம் தேய்க்கப் பார்ப்பாள், தேய்க்க அங்கே நிழலே இல்லை என்று அவள் கைக்குத் தெரியும். வாயால் ஆயிரம் சொல்லிப் புரியாதது கைக்குப் புரியாதா? ஊர் வேஷம் என்று நினைத்துக்கொள்ளட்டும். எனக்கு ஊரா முக்கியம்? அவள் ஒருத்திக்குத் தெரிந்தால் போதும்.

"சரி, வாறேன்" என்றேன்.

"வா சாமி, வா" என்றாள் அம்மா. அடுப்பு மேட்டில் என்னவோ விழுந்த சத்தம் கேட்டது.

லீவு கேட்டேன். கிடைத்தது. தமிழ்க்கடையில் அரக்கு நிறத்தில் ஒரு சேலை எடுத்தேன், பஸ்ஸில் மடியில் வைத்துத் தடவிக்கொண்டே வந்தேன். விமானச் சீட்டுப் போடுகிற கடைக்குப் போக நினைத்திருந்த அன்றைக்கு லோகு எனக்குப் போன் எடுத்தான். லோகு தேயிலை ஃபெக்டரியில் வேலை, கூத்துக் கோமிட்டியில் ஓர் ஆள். கெட்டவன் இல்லை. எதற்கும் எதிர்த்துப் பேசத் தெரியாதவன், அவ்வளவுதான்.

"தம்பி, ஒரு சிக்கல்."

"என்னா?"

"கோமிட்டியில பேச்சு வந்துச்சு. கூத்து வாத்தியாரு ஒத்துக்க மாட்டேங்கிறாரு."

"ஏன்? பாட்டு மறந்திருப்பேன்னு நெனைக்கிறாரா? இப்பப் பாடவா?"

"பாட்டு இல்ல தம்பி. நீ ஆபரேசன் பண்ணிட்டியாமே, யாரோ பேஸ்புக்குல பாத்திருக்கானுங்க. ஆம்பளதான் ரதி கட்டணுமாம். பொம்பளையாயிட்டா கட்டக்கூடாதாம். காப்புக் கட்டி பொம்பள பொட்டலுக்குள்ள ஆடுனா தோட்டத்துக்கே ஆகாதாம்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நடுத்தெருவில் நின்று சிரித்தேன்.

"அப்ப நான் பொம்பளைன்னு கோமிட்டி ஒத்துக்குதா?"

"கூத்து விசயத்துல ஒத்துக்குது."

"மத்த விசயத்துல?"

"அதையெல்லாம் இப்பக் கேக்காத தம்பி."

"சரி, கட்டல. பொம்பளையா வந்து, பொம்பளைங்க பக்கத்துல ஒக்காந்து பாத்துட்டுப் போறேன். அதுக்கு வாத்தியாரு என்னா சொல்றாரு?"

"அது எப்படி தம்பி? பொம்பளைங்க கூச்சப்படுவாங்கல்ல."

"ஆம்பளைங்க பக்கம்?"

"சீலையோடயா?"

அப்பா குரல் வந்துவிட்டது எனக்கு. தெருவென்றும் பார்க்காமல் கத்தினேன். என் கையை எதிர்பார்த்துக் கூரை போட்டீர்களே, அந்தக் கூரைக்கு ஆண் பெண் பார்த்தீர்களா, மாதாமாதம் வருகிற காசு சேலை கட்டிக்கொண்டு வருகிறதா சாரம் கட்டிக்கொண்டு வருகிறதா என்று எவனாவது கேட்டானா என்று கேட்டேன். லோகு எல்லாவற்றுக்கும் "உம்" கொட்டினான். நான் ஓய்ந்ததும் மெதுவாகச் சொன்னான்:

"நீ சொல்றது ஞாயந்தான். நா என்னா செய்ய? புள்ளைங்களக் கட்டிக் குடுக்கணும் தம்பி."

அதற்குமேல் அவனிடம் பேசி என்ன? ஆம்பிளையாக வந்தால் வேஷம் கட்டலாம். பொம்பிளையாக இருந்தால் கட்டக்கூடாது. பொம்பிளையாக இருந்தாலும் பொம்பிளைகளோடு உட்காரக் கூடாது. இந்தக் கணக்கைக் கனடாக் கந்தோர்க்காரிகூட இவ்வளவு சுத்தமாகப் போட்டிருக்க மாட்டாள்.

6

அதோடு விட்டானா? வைக்கும்போது இழுத்தான்.

"தம்பி, கோவிக்காத. மூனுவீல் ஓட்டுற மூர்த்திய ரதிக்குப் பேசியிருக்கு. மீசைய எடுக்க மாட்டேன்னு ஒரே அடம், அதச் சரிக்கட்டியாச்சு. ஆனா கோமிட்டி சவுரிய கரப்பான் அரிச்சுப்புருச்சு. ஓங்கிட்ட நல்ல முடி ஒன்னு இருக்காமே, இப்ப நீ போடுறதில்லையாமே... அம்மாதான் சொல்லிச்சு."

நான் வேண்டாம். என் முடி வேண்டும்.

வீட்டுக்கு வந்து கத்திரிக்கோலை எடுத்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், வெட்டித் துண்டு துண்டாக்கத்தான் எடுத்தேன். சட்டியின்மேல் அது அமைதியாகத் தொங்கியது. மூன்று வருஷம் என் தலையைக் காப்பாற்றின முடி. பஸ்ஸில், வேலையில், கடைத்தெருவில் என்னைப் பொம்பிளையாக நிறுத்தின முடி. அதைப் போய் வெட்டுவதா? கத்திரிக்கோலை வைத்துவிட்டு, சீயக்காய் கரைத்துக் கழுவினேன்.

தவமக்காவின் மைத்துனி அந்த வாரம் கொழும்புக்குப் போவதாக இருந்தது. பொட்டலத்தை மேலே கொண்டுபோய்க் கொடுத்தேன்.

"என்ன பிள்ளை இது?"

"முடிக்கா. ஊருக்கு."

"ஏன் உந்தத் தலைமயிரை அங்க அனுப்புறீர்? காசு குடுத்து வாங்கினதெல்லோ?"

யாழ்ப்பாணத்தில் மயிர் என்பது சாதாரணச் சொல். எங்கள் பக்கம் வாயில் வந்தால் அடி விழும். முதல் வருஷம் என்றால் முகம் சுளித்திருப்பேன். இப்போது பழகிவிட்டது.

"எங்கம்மா கேட்டாங்க" என்றேன்.

"அப்ப நீர் போகேல்லையோ? லீவும் எடுத்தனீர்."

"இல்லக்கா. முடிக்கு மட்டும்தான் அழைப்பு."

அவர் பொட்டலத்தை வாங்கி, நசுங்காமல் இருக்க ஒரு பிஸ்கட் டின்னுக்குள் வைத்தார். அரக்குச் சேலையையும் அனுப்பலாமா என்று யோசித்தேன். அனுப்பவில்லை. அது என்னுடையது.

ஏன் அனுப்பினாய், உனக்கு ரோசமே இல்லையா என்று இங்கே ஒரு சிநேகிதி கேட்டாள். இருக்கிறது. ஆனால் மூர்த்தியின் தலையில் அந்த முடியை வைத்து, சீவி, பூ வைக்கப்போவது அம்மா. என் முகத்தில் படாத கை அதிலாவது படட்டுமே என்று நினைத்தேன். இதைவிட வெட்கங்கெட்ட காரணம் என்னிடம் இல்லை.

7

பௌர்ணமியன்று காலையில் நான் வேலைக்குப் போக பஸ் நிறுத்தத்தில் நின்றேன். பனி முழங்கால் அளவு. ஊரில் பொழுது சாய்கிற நேரம். லோகு வீடியோவில் வந்தான். "தம்பி, ரதிக்கு ஜோடிக்கிறாங்க, பாரு" என்று போனைத் திருப்பிப் பிடித்தான்.

எங்கள் காம்பராதான். நான் அனுப்பிய காசில் வாங்கின பிளாஸ்டிக் நாற்காலியில், சவரம் செய்த முகம் பூசணிக்காய் மாதிரி வீங்கித் தெரிய, மூர்த்தி உட்கார்ந்திருந்தான். கையில் மஞ்சள் காப்பு. அம்மா எதிரில் நின்று, அவன் தாடையைத் தன் பக்கம் திருப்பிப் பிடித்துக் குங்குமம் தேய்த்துக்கொண்டிருந்தாள். எவ்வளவு இளைத்துவிட்டாள்! கூத்து வாத்தியார் கதவு ஓரத்தில் வெற்றிலை மென்றபடி மேற்பார்வை பார்த்தார். வெளியே தப்பைத் தீயில் காய்ச்சித் தட்டிப் பார்க்கிற சத்தம் கேட்டது.

அம்மா பிஸ்கட் டின்னைத் திறந்து முடியை எடுத்தாள். உடனே தலையில் வைக்கவில்லை. இரண்டு கையாலும் ஏந்தி, மூக்கில் வைத்து மோந்து பார்த்தாள். சீயக்காய் வாசம் இருந்திருக்கும். பிறகுதான் மூர்த்தி தலையில் பொருத்தி, சீவ ஆரம்பித்தாள். மேலிருந்து கீழே, மேலிருந்து கீழே. நான் குளிரில் விரல் மரத்துப்போய் போனைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

மூர்த்திக்கு அரித்திருக்க வேண்டும். முடிக்குள் கையை விட்டு, வறட்டு வறட்டென்று சொறிந்து இழுத்தான். அம்மா சீப்பின் முதுகால் அவன் கையில் ஓங்கி ஒன்று வைத்தாள்.

"ஏய்! பிச்சிறாத எருமை. எம் மக முடிடா அது. எவ்வளவு கஷ்டப்பட்டு வாங்கியிருப்பா!"

வாத்தியார் மெல்லுவதை நிறுத்திவிட்டு அம்மாவைப் பார்த்தார். லோகுவின் கை ஆடி, படத்தில் ஒரு கணம் தகரக் கூரை தெரிந்தது. அம்மா யாரையும் கவனிக்கவில்லை, கனகாம்பரச் சரத்தை எடுத்து முடியில் செருகிக்கொண்டிருந்தாள். படம் அப்படியே நின்று, அறுந்துபோனது. பஸ் வந்து கதவைத் திறந்தது. ஓட்டுநர் என் முகத்தைப் பார்த்து ஏதோ கேட்டார், நான் தலையை ஆட்டிவிட்டு ஏறினேன். வேலை முடிகிற வரைக்கும் அந்த ஒரு சொல்லை வாய்க்குள் வைத்துக்கொண்டிருந்தேன். மக. எம் மக.

கூத்தெல்லாம் முடிந்து அவர்கள் ஓய்ந்த பிறகு நானே அம்மாவுக்குப் போன் எடுத்தேன். எனக்கு அதை இன்னொரு தடவை கேட்க வேண்டும், வேறொன்றும் வேண்டாம்.

"அன்னைக்கு மூர்த்திய என்னா சொல்லி அடிச்ச?"

"அவனா? எதச் சொன்னேன்? கூறுகெட்ட பய, என்னமோ சொன்னேன். ஆனா நல்லா ஆடுனான். அழுக வரல, அழுகைக்கு ஒன்னய மாதிரி வராது."

"காப்ப அவுத்தாச்சா?"

"அவுக்காம? நானே பக்கத்துல நின்னு, வாத்தியார வச்சு முறையா அவுத்துட்டுத்தான் அனுப்புனேன். கல்யாணம் கட்டவேண்டிய பய. ஒனக்கு விட்ட மாதிரி விட்றக்கூடாதுல்ல?"

அவள் குரலைத் தாழ்த்திக்கொண்டு, நல்ல செய்தி சொல்கிறவள் மாதிரிச் சொன்னாள்:

"முடியக் கழுவி, டின்னுக்குள்ள பத்திரமா வச்சிட்டேன் சின்னவனே. அடுத்த மாசிக்கும் ஆவும்."

"சரிம்மா" என்றேன்.